வீட்டு வாசலில் மூடிய பள்ளம்

திருவேங்கடம் போகும் பஸ் இன்னும் கிளம்பவில்லை. முன்சீட்டில் இருந்த நாற்பது வயதுக்காரர், பக்கத்திலிருந்த பெரியவரிடம் சொன்ன ஒரு வார்த்தையில் நான் ஹெட்செட்டைக் கழற்றிவிட்டேன்.

“அந்தப் பள்ளத்த நான் மூடாம இருந்தா, என் பொண்டாட்டி உசுரோட இருந்திருப்பா அண்ணாச்சி.”

“என்னல பேசுத?”

“எங்க வாசல்கிட்ட ரோட்டுல கிடந்துச்சே, அந்தப் பள்ளந்தான். அது கிடந்தவரைக்கும் காரு, பைக்கு எல்லாம் பிரேக் போட்டுத்தான் போச்சு. மாடி கட்டுனப்ப மிஞ்சுன கலவையக் கொட்டி மூடுனேன். அவதான் சட்டியில சுமந்து தந்தா. மறுநாளே எல்லாவனும் பறக்க ஆரம்பிச்சிட்டான். பத்தாம் நாளு பால் வாங்க ரோட்டத் தாண்டுனா. கார்க்காரன் பிரேக்கே போடல.”

“ஓட்டுனவன விட்டுட்டு உன்னைய நீயே ஏசுதியே!”

“அந்தப் பய அழுதுக்கிட்டே சொல்லுதான், ரோடு நல்லா இருந்துச்சு, போன வேகமே தெரியலன்னு. அவன என்னத்த ஏச?”



“நீ நல்லதுதானல செஞ்ச. கவுன்சிலரே திரும்பிப் பாக்காத பள்ளத்த மூடுனன்னு தெருவே மெச்சுச்சே. அதுல எத்தன பேரு விழுந்திருக்காவ!”

“விழுந்தாவதான். ஆனா எல்லாரும் எந்திரிச்சுப் போனாவ அண்ணாச்சி. அவதான் வாசல்ல உக்கார வச்சு, காயத்தக் கழுவிவிட்டு, தண்ணி குடுத்து அனுப்புவா.”