பள்ளத்தில் போட்ட கல்

ஆழ்கடல் இறால் பிறக்கும்போது ஆணாகத்தான் இருக்கிறது. இதைச் சொன்னால் முதல்முறை கேட்பவர்கள் யாரும் நம்புவதில்லை. நீங்களும் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்க்கிறீர்கள். எல்லா இறாலையும் சொல்லவில்லை, எங்கள் கடலில் கிடைக்கும் இந்த வகையைச் சொல்கிறேன். சில வருடங்கள் ஆணாக வாழ்ந்த பிறகு உடம்பு மெல்ல மாறிப் பெண்ணாகிறது. பிறகு முட்டைகளை வயிற்றுக்கு அடியில், நீந்தும் கால்களுக்கு நடுவே ஒட்ட வைத்துக்கொண்டு குளிர்காலம் முழுக்கச் சுமக்கிறது. ஆகவே வலையில் பெரிதாக எது வந்தாலும் அது ஒரு தாய். சந்தையில் பெரியதற்குத்தான் மதிப்பு. என் வேலையின் சிக்கல் மொத்தமும் இதில் அடங்கிவிடும்.

நடந்ததைச் சொல்லச் சொன்னீர்கள். அதைத்தான் சொல்கிறேன். இது தெரியாமல் மற்றது புரியாது.

கடலில் எவ்வளவு இறால் இருக்கிறது என்று கணக்கெடுப்பது என் வேலை. கடலுக்கடியில் போய் யாரும் எண்ண முடியாது. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்களே, அப்படித்தான். வருடா வருடம் அதே இடங்கள், அதே வலை, அதே வேகம், அதே நேரம். எதையும் மாற்றக் கூடாது. இரண்டு இரும்பு ரோப்புகள் வலையை இழுக்கும். ரோப்பின் நுனியில் ஆளுயரப் பலகைகள் இரண்டு. படகு நகரும்போது தண்ணீர் அந்தப் பலகைகளை இரு பக்கமும் தள்ளி வலையின் வாயைத் திறந்து வைக்கும். கதவு மாதிரி. மோட்டார் கிடையாது, கம்பி கிடையாது, தண்ணீரின் தள்ளல் மட்டும்தான். இத்தனை வருடம் ஆகியும் அந்தப் பலகைகள் தண்ணீரில் இறங்குவதைப் பார்த்தால் எனக்கு ஒரு சந்தோஷம் வரும். மன்னியுங்கள். இப்போது அதைச் சொல்லும் இடமில்லை.

எங்கள் கடலடியில் ஒரு பள்ளம் இருக்கிறது. ஆழமானது, குறுகலானது. முட்டை சுமக்கும் தாய்கள் குளிர்காலத்தில் அங்கேதான் ஒதுங்குகின்றன. அந்த மாதங்களில் அவற்றை வேறெங்கும் கூட்டமாகப் பார்க்க முடியாது. நான்தான் அதைக் கண்டேன். அலுவலகச் சுவரில் தொங்கும் வரைபடத்தில் பள்ளத்தைச் சுற்றியிருக்கும் சிவப்புக் கோடு என் கையால் போட்டது. அந்தக் கோட்டுக்குள் குளிர்காலத்தில் வலை போடக் கூடாது. படகுக்காரர்கள் முதலில் திட்டினார்கள், பிறகு எனக்கு ‘பிரசவ டாக்டர்’ என்று பெயர் வைத்தார்கள். துறைமுகத்தில் நடந்து போனால், “டாக்டர், சுகப் பிரசவமா, ஆபரேஷனா?” என்று கேட்பார்கள். எனக்கு அது பிடித்திருந்தது.

என் தங்கையின் கணவனும் படகு ஓட்டுகிறவன்தான். ஓட்டினவன். மாப்பிள்ளை என்றுதான் கூப்பிடுவேன், அவன் என்னை மச்சான் என்பான். வாரக் கடைசியில் அவர்கள் வீட்டில்தான் எனக்குச் சாப்பாடு. நான் தனியாள். அலுவலகத்தில் நான் வாயைத் திறந்தால் ஆளாளுக்குக் கடிகாரத்தைப் பார்ப்பார்கள். மாப்பிள்ளை அப்படியில்லை. முழங்கையை மேஜையில் ஊன்றிக்கொண்டு கேட்பான். அவனைப் போல் கேட்கிற ஆள் எனக்கு வாழ்நாளில் கிடைக்கவில்லை.

ஒரு நாள் மேஜைமேல் சிந்திய தண்ணீரை விரலால் இழுத்து அந்தப் பள்ளத்தை வரைந்து காட்டினேன். இது வாய், இது கழுத்து, தாய்கள் இந்தப் பக்கமாக இறங்கி இங்கே தங்கும் என்று.

தங்கை குழம்புச் சட்டியோடு வந்து நின்றாள். “ஆரம்பிச்சிட்டியா அண்ணா? சட்டிய எங்க வைக்கிறது, கடல்மேலயா?”

“ஏய், இரு. மச்சான் சொல்லட்டும்,” என்றான் அவன். “ஏன் மச்சான், அந்தக் கழுத்துல அடி மணலா, சேறா?”

“சேறு. வழவழன்னு இருக்கும்.”

“அப்ப வலை கிழியாது.”

“கிழியவே கிழியாது,” என்றேன். பெருமையாகச் சொன்னேன். நுணலும் தன் வாயால் கெடும் என்பது பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்த வரி. அன்று ஞாபகம் வரவில்லை.

குளிர்காலத்தின் நடுவில் ஒரு நாள் அவர்கள் வீட்டு அடுப்படியில் கை கழுவப் போனேன். தொட்டியில் ஒரு பாத்திரம் நிறைய இறால். எல்லாம் பெரியவை. ஒவ்வொன்றின் வயிற்றுக்கடியிலும் நீலமும் பச்சையும் கலந்த முட்டைக் கொத்து.

“உனக்குன்னு எடுத்து வெச்சேன்,” என்றாள் தங்கை. “எவ்ளோ பெருசு பாரேன்.”

அந்த மாதத்தில், அந்த அளவில், அந்த நிறத்தில் முட்டையோடு இத்தனை தாய்கள் கிடைக்கும் இடம் உலகத்தில் எனக்குத் தெரிந்து ஒன்றுதான். சமைத்ததைச் சாப்பிட்டேன். அவள் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள்.

பிறகு பின்வாசலுக்குப் போனேன். மாப்பிள்ளை ரோப் சுற்றும் வின்ச்சின் பாகம் ஒன்றைப் பிரித்து வைத்துக்கொண்டு மண்ணெண்ணெயில் கழுவிக்கொண்டிருந்தான்.

“பள்ளத்துக்குப் போனியா?” என்று கேட்டேன்.

அவன் மறைக்கவில்லை. “நீங்கதானே மச்சான் கையப் புடிச்சு வழி காட்டுனீங்க?”

“உன் படகு எங்க இருக்குன்னு ஆபீஸ் திரையில தெரியுமே.”

“அந்தக் கருவிமேல சோத்துப் பானையக் கவுத்துட்டா தெரியாது. வடக்க போறவரைக்கும் தொறந்து வெப்பேன், அப்பறம் கவுத்துடுவேன்.” சிரித்தான். “அதுவும் நீங்க சொன்னதுதான். இரும்புக்குள்ள சிக்னல் போகாதுன்னு.”

“இனிமே போகாதே.”

“சரி மச்சான், போகல. இல்ல, போய் ஆபீஸ்ல சொல்லுங்க. வழி யாரு சொன்னாங்கன்னு கேட்டா நானும் சொல்லணும்ல.” விளையாட்டாகத்தான் சொன்னான். நானும் சிரித்தேன். பிறகு கையிலிருந்த பாகத்தைத் தூக்கிக் காட்டினான். “இத என்னான்னு பாருங்க. இடது பக்கம் பிரேக்கு. ஒரு தடவ புடிச்சா விடவே மாட்டேங்குது, உங்க தங்கச்சி மாதிரி.”

உள்ளேயிருந்து தங்கை, “எல்லாம் காதுல விழுது,” என்றாள்.

அவன் மறுபடியும் போனான். அடுத்த வாரமும் தொட்டியில் பாத்திரம் இருந்தது. புகார் கொடுத்திருக்கலாம். கொடுத்தால் தங்கையின் குடும்பம் தெருவுக்கு வரும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய் இல்லை. ஆனால் அலுவலகத்துப் படியில் நான் ஏறும்போது, ‘டாக்டரே வழி சொல்லிக் குடுத்தாராம்’ என்று யாராவது முதுகுக்குப் பின்னால் சொல்வதைத்தான் மனதுக்குள் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தேன். அந்தச் சிவப்புக் கோட்டைத் தவிர நான் வாழ்க்கையில் உருப்படியாக எதையும் செய்ததில்லை.

மூடிய இடத்தைக் காப்பதற்கு உலகத்தில் பல வழிகள் உண்டு. ரோந்துப் படகு, கருவி, தண்டனை. எல்லாவற்றிலும் எளிது கல். கடலடியில் பெரிய கான்கிரீட் கட்டிகளைப் போட்டு வைத்தால் வலை சிக்கும். சிக்கும் என்று தெரிந்தால் யாரும் வர மாட்டார்கள். இதற்கு ஒரு விதி இருக்கிறது. கல் போட்டவர்கள் அதை வரைபடத்தில் குறித்து எல்லாப் படகுகளுக்கும் அறிவிக்க வேண்டும். அறிவிப்பதுதான் அதன் உயிர். கல் பயமுறுத்தத்தான் வேண்டும், பிடிக்கக் கூடாது.

எங்கள் கிடங்கின் பின்னால் பழைய மிதவைகளுக்கு நங்கூரமாக இருந்த கட்டிகள் பாசி பிடித்துக் கிடந்தன. கணக்கெடுப்புப் படகில் ஏற்றச் சொன்னேன். தண்ணீரின் வெப்பம் அளக்கும் கருவிகளைக் கட்டுவதற்கு என்று சொன்னேன். பள்ளம் குறுகலானதால் நீளவாக்கில்தான் வலை இழுக்க முடியும். ஆகவே கழுத்தில் குறுக்காக ஒரு வரிசை போதும். கிரேன் ஓட்டுகிறவர் கடைசிக் கட்டியை இறக்கிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டே, “சார், இத மேப்புல போட்டுட்டீங்களா?” என்று கேட்டார்.

“அடுத்த வாரம் போட்டுடலாம்.”

“மறந்துடாதீங்க சார். யாராச்சும் மாட்டிக்கப் போறான்.”

நான் மறக்கவில்லை. குறித்தால் அவன் கல் இருக்கும் இடத்தில் மட்டும் வலையைத் தூக்கிக்கொண்டு தாண்டிப் போவான். குறிக்காவிட்டால் ஒருமுறை வலை கிழியும், அந்த நஷ்டத்தில் புத்தி வரும். அப்படித்தான் கணக்குப் போட்டேன். கிழியும் என்று மட்டும்.

வலை சிக்கினால் என்ன ஆகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கீழே கல் பிடித்துக்கொள்கிறது, மேலே அலை படகைத் தூக்குகிறது, நடுவில் ரோப் இறுகுகிறது. ஓட்டுகிறவர் உடனே இன்ஜினைத் தணித்து, இரண்டு பக்கப் பிரேக்கையும் ஒரே சமயத்தில் விட வேண்டும். விட்டால் ரோப் ஓடிவிடும், படகு பிழைத்துக்கொள்ளும். ஒரு பக்கம் விட்டு மறுபக்கம் பிடித்துக்கொண்டால், மொத்தப் பாரமும் பின்பக்கத்தின் ஒரு மூலைக்கு வரும். படகு அலைக்குக் குறுக்காகத் திரும்பும். அதற்குப் பிறகு செய்வதற்கு ஒன்றுமில்லை.

இடது பிரேக் விடாது என்று எனக்குத் தெரியும். கட்டிகளை இறக்கிய அன்றும் தெரியும்.

அந்த வாரத்திலேயே ஒரு காலை நேரத்தில் தகவல் வந்தது. மாப்பிள்ளையின் படகு வயர்லெஸ்ஸில் பதில் தரவில்லை. படகில் அவனோடு இன்ஜின்காரரும் சமையல்காரரும். கட்டுப்பாட்டு அறையில் திரையைப் பார்க்கும் பெண் கடைசியாகத் தெரிந்த புள்ளியைக் காட்டினார். வடக்கே. பானையைக் கவிழ்த்த இடம்.

தங்கை செருப்புகூடப் போடாமல் வந்திருந்தாள். “அண்ணா, உனக்குக் கடல் தெரியும். எங்க தேடணும்னு சொல்லு,” என்றாள்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் வரைபடத்தின் முன்னால் போய் நின்றேன். பள்ளம் தெற்கே, என் முழங்கைக்குப் பக்கத்தில் இருந்தது. தெற்கு என்று சொன்னால் எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். ஆகவே விளக்கினேன். வடக்கிலிருந்து காற்று எப்படித் தள்ளும், மேல்நீரோட்டம் எப்படித் திரும்பும், இன்ஜின் நின்ற படகு எந்தப் பக்கம் ஒதுங்கும். எல்லாம் சரியான விளக்கம். அந்தப் புள்ளியிலிருந்து தேடுவதாக இருந்தால் அதைவிடச் சரியாக யாராலும் சொல்ல முடியாது. யாரும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. ரோந்துப் படகும் மற்றப் படகுகளும் வடக்கே போயின.

மதியம் அந்தப் பெண் ஒருமுறை, “தெற்க ஒரு படகு அனுப்பிப் பார்க்கலாமா சார்?” என்று கேட்டார்.

“அங்க போயிருக்க வாய்ப்பில்லம்மா. அது மூடின இடம்.”

தங்கை என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். பிடித்தால் விட மாட்டாள். அவள் அப்படிப் பிடித்திருக்கும்போதுதான் அதைச் சொன்னேன்.

மறுநாள் ஒரு சரக்குக் கப்பல் சமையல்காரரை மட்டும் உயிரோடு தூக்கியது. ஐஸ் பெட்டியின் மூடியில் கவிழ்ந்து கிடந்தாராம். பள்ளத்துக்கு மேலே. விபத்து அறிக்கையை எழுதும் பொறுப்பு, விஷயம் தெரிந்தவர் என்று எனக்கே வந்தது. மூடிய இடத்தில் நுழைந்ததும், பிரேக்கைக் கவனிக்காததும் ஓட்டுநரின் தவறு என்று எழுதினேன். கடலடியில் எதில் சிக்கியது என்று தெரியவில்லை என்றும் எழுதினேன்.

சமையல்காரருக்குப் பேச்சு வர நாளானது. வந்ததும் முதலில் என் தங்கையிடம்தான் சொல்லியிருக்கிறார். மூன்று பேரும் அந்த மூடியைப் பிடித்துக்கொண்டிருந்தார்களாம். இன்ஜின்காரர் சீக்கிரம் போய்விட்டார். மாப்பிள்ளை மாலைவரை இருந்தானாம். குளிரில் பல் கிட்டும்போதும், “பயப்படாத. நாம எங்க இருக்கோம்னு மச்சானுக்குத் தெரியும். படகோட வருவாரு பாரு. வந்து, ஏன் கவுந்துச்சுன்னு நமக்கு ஒரு மணி நேரம் பாடம் எடுப்பாரு,” என்று சொல்லிச் சிரித்தானாம்.

அதைக் கேட்டுவிட்டுத்தான் தங்கை உங்களிடம் புகார் கொடுக்க வந்திருக்கிறாள். என்னிடம் எதுவும் கேட்கவில்லை. வாரக் கடைசியில் போனேன். கதவு திறக்கவில்லை. உள்ளே தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது.

கல்லைப் போட்டது நான். குறிக்காமல் விட்டது நான். பிரேக் தெரிந்தவன் நான். அவன் உயிரோடு மிதந்துகொண்டிருந்த நேரம் முழுக்க, அவன் இருந்த திசைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எல்லோரையும் வடக்கே அனுப்பியதும் நான்தான். இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாமல்தான் இத்தனை நேரம் மேஜையைப் பார்த்துப் பேசிக்கொண்டிருக்கிறேன். இந்தக் கண்ணாடி டம்ளர் விட்ட ஈர வளையத்தை விரலால் இழுத்து நான் என்ன வரைந்திருக்கிறேன் என்று இப்போதுதான் பார்க்கிறேன். துடைத்துவிடுங்கள்.

கட்டிகள் இன்னும் அங்கேதான் இருக்கின்றன. முதலில் அவற்றை வரைபடத்தில் குறித்துவிடுங்கள். இடம் சொல்கிறேன். அந்தச் செய்தி பரவியதிலிருந்து பள்ளத்துப் பக்கம் ஒரு படகும் போகவில்லையாம். தாய்கள் இந்த வருடம் நிறையத் தங்கியிருக்கும். அடுத்த கணக்கெடுப்பில் தெரியும்.

ஒரே ஒரு உதவி. தங்கையிடம் ஒருமுறை என்னைப் பேச விடுங்கள். அவள் அந்தச் சமையல்காரர் சொன்னதை மட்டும்தான் கேட்டிருக்கிறாள். ஒவ்வொன்றாக, பொறுமையாக, முதலிலிருந்து எடுத்துச் சொன்னால் அவளுக்குப் புரியும். சின்ன வயதிலிருந்தே, நான் விளக்கினால் அவளுக்குப் புரிந்துவிடும்.