விஷம் வைத்த பேர்

— அப்போ இதையும் அழிக்கப் போறியா, சேட்டா?

— அழிக்கணும், ஷைலு. கோட் மொத்தத்தையும் தேடிப் பாத்தாச்சு. இந்த மேக்ரோவை ஒரு இடத்துலயும் யாரும் உபயோகிக்கல.

— காலையிலேர்ந்து மேக்ரோ மேக்ரோங்கறே. என் கல்யாணம் முடியறதுக்குள்ள அது என்னன்னு சொல்லிடு.

— கேளு. நான் வேலை பாக்கறது கம்பைலர்ல. மனுசன் எழுதற ப்ரோக்ராமை சிப்புக்குப் புரியற மாதிரி அது மாத்திக் கொடுக்கும். ஒவ்வொரு சிப்புக்கும் ஒரு குணம் இருக்கு பாரு, அதை ஒரு பேர் வச்சு செட்டிங்கா எழுதி வச்சிருப்பாங்க. அந்தப் பேருதான் மேக்ரோ. சிப்பு எப்பவோ போயாச்சு, பேர் மட்டும் வெறுதே கிடக்கு.

— அதைக் கூட்டிப் பெருக்கறதுக்கா உனக்கு சம்பளம்! செரி, சீக்கிரம் பெருக்கு. கொச்சங்காடி பிரஸ்காரர் ரெண்டு தடவை போன்ல விளிச்சாச்சு. சாயங்காலத்துக்குள்ள கல்யாணப் பத்திரிகை மேட்டர் போகலேன்னா அடுத்த வாரம்தான் அச்சடிப்பாராம்.

— மேட்டர்தான் ரெடியாச்சே. ‘ராக்கப்பன், காளியம்மை தம்பதியரின் மகள் ஷைலஜா’ன்னு எல்லாம் அடிச்சு வச்சிருக்கேன். அனுப்பிடு.

— பெரியண்ணன் பேர் இல்லாம அனுப்ப மாட்டேன்.

— மெதுவா பேசுடி. அப்பா உள்ள இருக்காரு.

— டிவியில நியூஸ் ஓடுது, அவருக்குக் கேக்காது. இடப்பள்ளி என்ன துபாயா? ரெண்டு பஸ் மாறினா போயிடலாம். அங்க மால்ல வேலை பாக்கற என் சொந்த அண்ணன் பேர் என் பத்திரிகையில இருக்கக் கூடாதா?

— நான் வேணாம்னா சொன்னேன்? தன்னை மாதிரி அவனுக்கும் கார்ப்பரேஷன் வேலை வாங்கித் தர அப்பா எத்தனை வீட்டுப் படி ஏறினாரு! சேர வேண்டிய அன்னைக்கு அவன் என்ன சொன்னான்? ‘உங்க காக்கிச் சட்டை எனக்கு வேணாம்’னு மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டுப் போனான்.

— அவன் சொன்னது தப்புதான். அதுக்காக ஆயுசு முழுக்கவா? போன ஓணத்துக்கு அம்மா வாய் தவறி அவன் பேரைச் சொல்லிட்டாங்க. அப்பா பாதிச் சோத்துல எந்திரிச்சுப் போயிட்டாரு. சேட்டா, இது என்ன? அழிச்சேன்னே, அதே பேரை இங்க திரும்ப எழுதறே?

— இது வேற ஃபைல். அழிச்ச பேரை இதுல தடை போட்டு வைப்போம். விஷம் வைக்கறதுன்னு சொல்லுவோம். இனிமே யாராவது அந்தப் பேரை எழுதினா, வேலை அப்படியே நின்னுடும்.

— அச்சு அசல் நம்ம வீடு.

— கேலி பண்ணாதே.

— கேலி இல்ல, நெஜமாவே கேக்கறேன். அழிச்சாச்சுன்னா விட்டுட வேண்டியதுதானே? எதுக்கு விஷம்?

— விட்டா, எங்கேயோ இருக்கறவன் பழைய கோட் எதையாவது தூக்கிட்டு வந்து அந்தப் பேரை எழுதுவான். கம்பைலர் அதைக் கண்டுக்கவே கண்டுக்காது. எல்லாம் ஒழுங்கா நடக்குதுன்னு அவன் நெனச்சுக்குவான்.

— அப்போ அழிக்கற எல்லாப் பேருக்கும் விஷம் வைப்பியா?

— எதுக்கு? திரும்பி வரும்னு தோணற பேருக்கு மட்டும் வச்சாப் போதும். வரவே வராதுன்னு தெரிஞ்சா யாரு மெனக்கெடுவா?

— இப்ப நீ என்ன சொன்னேன்னு உனக்கே தெரியுதா?

— ம்... தெரியுது.

— அப்பா மனசுல அண்ணன் நெஜமாவே அழிஞ்சிருந்தா அன்னைக்கு எதுக்கு எந்திரிக்கணும்? காதுல விழாத மாதிரி சாப்பிட்டிருக்கலாமே.

— அப்பா ஒண்ணும் கம்பைலர் இல்ல, ஷைலு. மண்டபத்துல எல்லார் முன்னாடியும் அதே மாதிரி எந்திரிச்சுப் போயிட்டாருன்னா? எனக்குப் பயமா இருக்கு.

— எனக்கும்தான். போனா அழுதுக்கறேன். நீ எழுது.

— எழுதறேன். ‘தங்கள் வரவை அன்புடன் எதிர்பார்க்கும்... ரா. சுஜித், அருண்பாண்டி.’

— மூத்தவன் பேர் முன்னாடி வரணும்.

— மாத்திட்டேன். அனுப்பவா?

— இரு. டிவி சத்தம் எப்ப நின்னுச்சு?

— ஐயோ... அப்பா!

— நான்தான்பா எழுதச் சொன்னேன். சேட்டனைத் திட்டாதீங்க.

— நீ தள்ளு, ஷைலு. டேய் சுஜித்து, கண்ணாடி இல்லாம எனக்குத் தெரியல. கடைசி வரியை வாசி.

— ‘அருண்பாண்டி, ரா. சுஜித்.’

— உன் பேருக்கு முன்னாடி மட்டும் ‘ரா’ போட்டிருக்கே. அவன் என்ன அப்பன் இல்லாத பிள்ளையாடா?