கை மட்டும் போதும் ஆன்ட்டி

சால்வையா? குளிருது கண்ணு, அதான். டிசம்பர்ல திருமுல்கேரி இப்படித்தான், எலும்பு வரைக்கும் ஏறும். நீ உன் வேலையப் பாரு. அந்தக் கறுப்புத் துணிய டைனிங் டேபிள்லயே விரி, சுபாவும் அங்கதான் விரிப்பா. லைட்டுக்கு பிளக் ஃப்ரிட்ஜுக்குப் பின்னால இருக்கு. அனுபமா தானே நீ? தமிழ் புரியும்ல? ஹவ்வா? சரி, உங்க ஊர்ல ஆமான்னா ஹவ்வு.

சுபா வரலையா? எடிட்டிங்கா. ஆமா, திங்கக்கிழமை குடுக்கணுமாமே. கடைசி ஷாட்டு ஒண்ணுதான் பாக்கி, அது இல்லாட்டி படமே இல்லன்னு அவ அப்பாகிட்ட சொல்லிட்டிருந்தா. என்கிட்ட சொல்லல. என்கிட்ட, நாளைக்கு அனுபமா வருவா ஆன்ட்டி, கொஞ்ச நேரம் கையக் குடுங்கன்னா. அவ்வளவுதான்.

ஆமா, ஆன்ட்டிதான். நீயும் ஆன்ட்டிங்கறே, பால்காரனும் ஆன்ட்டிங்கறான், அவளும் ஆன்ட்டிங்கறா. அவ அப்பா என்னைக் கட்டிக்கிட்டு வந்தப்ப அவளுக்கு டென்த்து. அவளப் பெத்த ரமா போய் ஒரு வருஷம்கூட ஆகல. சித்தின்னு கூப்பிடும்மான்னார். வாய் வராதுன்னுட்டா. விடுங்க, புள்ளைக்கு எது வருதோ அது வரட்டும்னேன். அப்பல்லாம் நான் ரொம்ப நல்லவ கண்ணு.

ஒரு நா நான் சப்பாத்திக்கு மாவு பிசைஞ்சிட்டிருக்கேன், சமையக்கட்டு வாசல்ல வந்து கேமராவோட நிக்கறா. காலேஜ் படத்துக்கு உங்க கையை எடுக்கட்டுமான்னா. போட்டோவ வெட்டி, ஒட்டி, கொஞ்சம் கொஞ்சமா நகத்தி நகத்தி எடுக்கிற படமாமே. எனக்கென்ன தெரியும். அஞ்சு வருஷத்துல அவளா வந்து என்கிட்ட கேட்ட மொத விஷயம் அது. எடுத்துக்கோடா கண்ணுன்னேன்.

என் சுண்டுவிரல் கோணல், தெரியும்ல? சின்னதுல கதவிடுக்குல மாட்டிக்கிச்சு. சேலத்துல என்னைப் பொண்ணு பாக்க வந்தவன் பூராப் பயலும் காப்பிய வாங்கறப்ப அந்த விரலத்தான் பாப்பான். போய் லெட்டர் போடறேம்பான். இவ என்னடான்னா அதையே கிட்டப் போய்ப் போய் எடுக்கறா. சூப்பர் ஆன்ட்டி, இந்த விரல்தான் அழகேங்கறா. அன்னைக்கு ராத்திரி கைக்கு எண்ணெய் தடவிட்டுப் படுத்தேன். என்னத்தச் சொல்ல.

அப்புறம் தெனம் அதான். தேங்கா துருவுங்க, ஊசில நூல் கோருங்க, ஜன்னல் சாத்துங்க. மோதிரத்தக் கழட்டச் சொன்னா, கழட்டினேன். வளையல் வேணாம்னா. மஞ்ச பட்டா கலரு மாறிரும்னா, குளிக்கறப்ப மஞ்ச பூசறதையே விட்டேன். நடுவுல எங்க அண்ணன் மக கல்யாணம். வீடு பூரா மருதாணி வச்சிட்டு உக்காந்திருக்கு, நான் மட்டும் வெறுங்கையோட. ஷூட்டிங் முடியட்டும் ஆன்ட்டி, இல்லாட்டி முன்னாடி எடுத்ததோட சேராதுன்னு சொல்லி அனுப்பியிருந்தாளே. எங்க அண்ணி பட்டு சும்மா இருப்பாளா? ஏன், ரெண்டாந்தாரத்துக்கு மருதாணி பத்தாதாக்கும்னா, அத்தனை பேர் முன்னாடி. நான் பெருமையாச் சொன்னேன், எம்பொண்ணு சினிமா எடுக்கறா, நான்தான் அதுல நடிக்கறேன்னு.

சிரிப்பு வருதா? சிரி, பரவால்ல.

மூஞ்சி எடுக்கலையான்னு ஒரு நா நானே கேட்டேன். பவுடரெல்லாம் போட்டுக்கிட்டு வந்து நின்னேன். கை மட்டும் போதும் ஆன்ட்டின்னா. மறுநா அவ ரூமப் பெருக்கறேன், கட்டிலுக்கடியில காகிதக் குப்பை. தப்பித்தவறி மூஞ்சி விழுந்த போட்டோவும் இருந்திருக்கு போல. கைய மணிக்கட்டோட வெட்டி எடுத்துட்டு மிச்சத்தப் போட்டிருந்தா. வாய் ஒரு பக்கம், நெத்தி ஒரு பக்கம். என்னை நானே முறத்துல அள்ளிக் கொட்டினேன்.

படமா? பாத்தேனே. ஏன் முழிக்கறே? பெத்தவங்களுக்குப் போட்டுக் காட்டினீங்கல்ல, பாதிப் படத்த. அவ அப்பாவுக்கு பாலாநகர்ல டூட்டி. என்னை யாரும் கூப்பிடல. அவ டிபன் டப்பாவ மறந்துட்டுப் போயிட்டா, குடுக்கலாம்னு காலேஜுக்கு வந்தேன். வாசல்ல வாட்ச்மேன் பேரன்ட்டான்னான். ஆமான்னேன். கடைசி வரிசையில உக்காந்தேன்.

ரமா வந்தா. ஐடி கார்டுலேர்ந்து எடுத்த மூஞ்சி, புடவைத் துண்டுல உடம்பு, அதுல என் கை. பாவம், ரமாவுக்கு கை தெரியற மாதிரி ஒரு போட்டோ கிடையாது. கல்யாண ஆல்பத்துலகூட மாலைக்குள்ள போயிருச்சு. என் கை மாவு பிசையுது, ரமா சிரிக்கறா. என் கை ஜடை பின்னுது, காகிதத்துல ஒரு குட்டி சுபா ரமா மடியில சாஞ்சிக்குது. பக்கத்துல ஒரு தெலுங்கு அம்மா கண்ணத் தொடச்சிக்கிட்டு, தாய் கைன்னா தாய் கைதான்னாங்க. ஆமாங்கன்னேன். கடைசில பேர் போட்டீங்க. ஜெராக்ஸ் கடை அப்துல் காதருக்கு நன்றி. ஸ்டாண்டு குடுத்தவனுக்கு நன்றி. உங்க கேன்டீன் பூனைக்கு நன்றி. லைட்டு போட்டப்புறமும் நான் திரையவே பாத்துட்டிருந்தேன், இன்னும் வரும்னு.

வெளிய வந்தா நீங்க ரெண்டு பேரும் படிக்கட்டுல. நீதான் கேட்டே, ஆன்ட்டிக்குத் தெரியுமாடின்னு. அவங்களுக்கு எதுக்குத் தெரியணும், சமைக்கிற கைதானேன்னா. இங்கிலீஷ்லதான் சொன்னா, அவ்வளவு இங்கிலீஷ் எனக்குப் புரியும். நீ சிரிச்சே. சேச்சே, கோவமெல்லாம் இல்ல கண்ணு. டப்பாவ வாட்ச்மேன்கிட்ட குடுத்து, நீயே சாப்பிடுப்பான்னுட்டு பஸ் ஏறிட்டேன். சுபாகிட்ட நான் எதுவும் காட்டிக்கல. நேத்துகூட அவளுக்குப் புடிக்குமேன்னு வத்தக்குழம்பு வச்சேன்.

இன்னிக்கு என்ன ஷாட்டு? தலையத் தடவற கையா. உள்ளங்கை, புறங்கை ரெண்டுமா. ம். அவ தலைய நான் ஒரு தடவ தொட்டிருக்கேன், காய்ச்சல்ல கெடந்தப்ப. கைய எடுங்கன்னா. காகிதத் தலைன்னா தடவலாம் போல.

வேற யார் கையாவது வச்சு ஒப்பேத்த முடியாதுல்ல? படம் பூரா இந்தக் கோணல் விரல்தானே. அதான் நானும் யோசிச்சேன்.

லைட்டு சரியா விழுதா? எல்லாம் ரெடியா? டீ அடுப்புமேல இருக்கு, நீயே ஊத்திக்கோ. எனக்குக் கையில தண்ணி படக்கூடாதாம், தேங்காயெண்ணெ தடவி வச்சிருக்கேன். பக்கத்து வீட்டு ஃபாத்திமாதான் நேத்து உக்காந்து வச்சு விட்டா, அவங்க மரத்து இலை. யாருக்கு கல்யாணம் ஆன்ட்டின்னு கேட்டா. இரு, சால்வைய எடுக்கறேன்.

இந்தா. முழங்கை வரைக்கும். நல்லா செவந்திருக்குல்ல? தோல்ல இருக்கறது ரெண்டு வாரத்துல மங்கிரும். நகத்துல ஏறினது, நகம் வளந்து வெட்டற வரைக்கும் போகாது.

எதுக்கு இப்ப அழுவுறே? போனப் போடு அவளுக்கு. மூஞ்சி வேணும்னா வந்து எடுத்துக்கச் சொல்லு. மூஞ்சி சும்மாத்தான் இருக்கு.