மேஸ்திரி டீ குடிக்கப் போயிருக்காரு

கலையரசி: கலக்குறத நிறுத்துங்க அண்ணி, நிறுத்துங்க! நல்ல வேளை, பழைய தகரத்துல அடிச்சுப் பாத்தோம். ஜீப்புல அடிச்சிருந்தா போச்சு! தொட்டுப் பாருங்க, ஆரஞ்சுத் தோலாட்டம் சொரசொரன்னு...

ராதிகா: புது ஸ்பிரே கன்னு கலை! நேத்துதான டப்பாவப் பிரிச்சோம். ஒன்னு புள்ளி மூணு நாசில். பளபளப்புக்கு மேல கிளியர் அடிக்க அதான் வேணும்னு நீதான சொன்ன?

கலையரசி: நாசில்ல தப்பில்ல. காத்து பத்தல.

ராதிகா: கம்ப்ரஸர் முள்ளு நாப்பதுல நிக்குதே!

கலையரசி: அங்க நிக்கும். இங்க நான் ட்ரிக்கரப் புடிக்கிறேன், கன்னுல இருக்கற மீட்டரப் பாருங்க.

ராதிகா: அய்யய்யோ... பதினஞ்சுக்கு வுழுது!

கலையரசி: நடுவுல எங்கியோ கழுத்த நெரிக்குது. ட்யூப்பு பென்சிலாட்டம் இருக்குது. ட்யூப்ப சேக்குற இந்த கப்ளிங்க கழட்டுறேன், இருங்க... உள்ள ஓட்டையப் பாருங்க. ஒரு மொளகு கூட போவாது.

ராதிகா: ஏய், இரு இரு! போன வாரம் உங்க அண்ணன் நம்ம வூட்டுல ஒரு பெரிய ட்யூப்பும் கப்ளிங்கும் கொண்டாந்து வெச்சாரு. இன்னாத்துக்குன்னு கேட்டா, 'கெடக்கட்டும்'னாரு. காலையில கூடையில போட்டு எடுத்தாந்தேன். இதுவா பாரு?

கலையரசி: இதேதான் அண்ணி! ஓட்டை எவ்ளோ பெருசு! வாய தொறந்து ஒரு வார்த்த சொன்னா இன்னாவாம் அண்ணனுக்கு? மாட்டுங்க, சீக்கிரம். ஜீப்புக்குப் பழைய கன்னுல பச்சை அடிச்சு அர மணி ஆவுது. மதியக் காத்து கெளம்புறதுக்குள்ள கிளியர ஏத்தியாவணும். இல்லன்னா ஹைவேஸ் புழுதி மொத்தமும் அது மேலதான்.

ராதிகா: தண்ணி ஃபில்டர தொறந்து வுட்டியா?

கலையரசி: வுட்டேன். கண்ணாடியில காத்த அடிச்சுப் பாத்தேன், ஒரு துளி இல்ல.

சின்னராசு: ம்மா... உள்ள ஆள் இருக்குதுங்களா?

ராதிகா: கலை! ஜீப்புக்காரரு! சாயந்தரம்தான வரேன்னாரு?

சின்னராசு: மனசு கேக்கலம்மா. வெள்ளிமலையில மொத பஸ்ஸ புடிச்சு, கள்ளக்குறிச்சியில மாறி, நேரா உளுந்தூர்பேட்டை வந்துட்டேன். அட... பச்சை அடிச்சாச்சா! எங்க மேஸ்திரி?

ராதிகா: டீ குடிக்கப் போயிருக்காருங்க.

சின்னராசு: வரட்டும், வரட்டும். நான் இப்படி ஓரமா உக்காந்துக்கறேன்.

ராதிகா: அண்ணே, அவரு வர நேரமாவும். நீங்க கடைத்தெருவுல ஒரு சுத்து...

சின்னராசு: எனக்கு இன்னா அவசரம்? மலையில என்னோட சேத்து ஏழு ஜீப்பு ஓடுது. 'உன்னுது எப்படி வருதுன்னு பாத்துட்டு நாங்க பெயிண்டுக்கு வுடுறோம்'னு மத்தவங்க சொல்லிகினு இருக்காங்க. அதான் கண்ணால பாத்துட்டுப் போயிடலாம்னு.

கலையரசி: ஏழு ஜீப்பா...

சின்னராசு: இன்னும் வரலியே மேஸ்திரி? ரெண்டு டீ குடிப்பாரோ?

ராதிகா: அவரு... ஆற வெச்சுக் குடிப்பாருங்க.

கலையரசி: அண்ணி, வெளிய வேப்பமரம் ஆட ஆரம்பிச்சிடுச்சு.

ராதிகா: வாணாம் கலை. இவரு முன்னாடியா?

கலையரசி: இவரு இருக்காருன்னு காத்து நிக்குமா? மாஸ்க்க குடுங்க. அண்ணே, நீங்க வெளிய போயி ஜன்னல்கிட்ட நில்லுங்க. இந்தப் பொகை மூச்சுல போவக் கூடாது.

சின்னராசு: நீயாம்மா அடிக்கப் போற?

கலையரசி: ஆமாண்ணே. வாணாம்னா இப்பவே சொல்லிடுங்க.

சின்னராசு: ஜன்னல்கிட்டதான நிக்கணும்? போறேன்.

ராதிகா: அண்ணே?

சின்னராசு: அடிம்மா.

கலையரசி: அண்ணி, மீட்டரப் பாத்துச் சொல்லுங்க. புடிக்கிறேன்...

ராதிகா: இருபத்தெட்டு! முள்ளு ஆடவே இல்ல கலை! போ, போ!

சின்னராசு: யம்மா... கை இன்னா ஒரே சீரா போவுது!

ராதிகா: பேசாதீங்கண்ணே, அவளுக்குக் கேக்கும். கலை, கதவு முடிஞ்சுது... அந்த ஓரம்... ஆங்! ட்யூப்ப நான் தூக்கிப் புடிச்சிருக்கேன், நீ பின்னாடி வா!

சின்னராசு: ஜன்னல்ல நிக்கிற நானு கதவுல தெரியறேன் பாரு! என் மீசை தெரியுது!

ராதிகா: முடிஞ்சுதா? முடிஞ்சுதா கலை?

கலையரசி: முடிஞ்சுது அண்ணி! ஒரு எடத்துலயும் ஒழுகல... ஷெட்டுக் கதவ சாத்துங்க, காத்து வந்துடுச்சு!

ராதிகா: கண்ணாடிடி இது! கண்ணாடி!

சின்னராசு: மேஸ்திரி வந்து பாத்தா இன்னா சொல்வாரு?

கலையரசி: வர மாட்டாருண்ணே.

ராதிகா: கலை...

கலையரசி: போதும் அண்ணி. அண்ணே, டீயும் இல்ல, ஒன்னும் இல்ல. கெட்டியாவறதுக்கு இதுல கலக்குற ஹார்டனரு எங்க அண்ணன் மூச்சுக்கு ஒத்துக்கல. ஷெட்டு பக்கமே போவக் கூடாதுன்னு டாக்டர் சொல்லி எட்டு மாசம் ஆவுது. அதுலேருந்து எல்லா வண்டியும் நான்தான் அடிக்கிறேன். பொம்பள அடிக்கிறான்னு தெரிஞ்சா வண்டி வராதுன்னு பயந்து மறைச்சோம். உங்க ஆளுங்ககிட்ட இன்னா சொல்லணுமோ சொல்லிக்குங்க.

சின்னராசு: தெரியும்மா. மேஸ்திரி எங்கன்னு சும்மாதான் கேட்டேன். போன மாசம் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில, மூச்சு டாக்டரப் பாக்குற வரிசையில எனக்கு முன்னாடி நின்னது உங்க அண்ணன்தான். 'நான் அடிச்ச வண்டியில எங்கனா ஒரு தப்பு என் கண்ணுக்குத் தெரியும். என் தங்கச்சி அடிச்சதுல தேடித் தேடிப் பாத்துட்டேன், கெடைக்கல. அவகிட்ட குடுங்க. நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிடாதீங்க'ன்னாரு... சொல்லிட்டேன்.