ராட்டினத்துக்குள் நானே நடந்தது பற்றி

காவல் நிலைய அதிகாரி நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். உட்கார முடியாத இடத்தில் அடிபட்டிருப்பதால் நின்றுகொண்டே சொல்கிறேன். அவர் முதலில் ‘இடுப்பில் காயம்’ என்று எழுதினார். இடுப்பு இல்லை ஐயா, இன்னும் கீழே என்றேன். எதிர்மேசையில் இருந்த பெண் காவலர் குனிந்து தரையில் எதையோ தேடினார். கடைசியில் மருத்துவமனைச் சீட்டில் உள்ளபடி ‘வால் எலும்பில் கீறல்’ என்று எழுதப்பட்டது.

பெயரும் முகவரியும் முதல் பக்கத்தில் கொடுத்திருக்கிறேன். வயது ஐம்பத்து மூன்று. எட்டாம் வகுப்பு வரை படித்தவன். இருபத்திரண்டு வருடமாக ஒரே குதிரை லாயத்தில் வேலை. குதிரைகளைக் கயிற்றில் பிடித்து நடக்கக் கூட்டிப் போவது என் தொழில். அதிகாரி கேட்டதால் சொல்கிறேன், ஒரு குதிரை மேல்கூட நான் ஏறியதில்லை. என் ஒரே மகளுக்கு இருபத்து நான்கு வயது. அதே லாயத்தில் மேற்பார்வையாளர். வீட்டில் எப்போதும் அவள் சொல்தான். ஆறு மாதமாக லாயத்திலும் அப்படித்தான்.

குதிரைகளை நடத்துவதற்கு ஓர் இயந்திரம் வாங்க வேண்டும் என்று முதலாளியிடம் சொன்னவள் அவள்தான். வட்டமான கொட்டகை, நடுவில் மோட்டார், மேலிருந்து தொங்கும் ஆறு தடுப்புகள். இரண்டு தடுப்புக்கு நடுவே ஒரு குதிரை நிற்கும். தடுப்பு நகர்ந்தால் குதிரையும் நடக்க வேண்டும். நாங்கள் அதை ராட்டினம் என்போம். வாங்குவதற்கு முன்பு முதலாளி எங்கள் இருவரையும் கூப்பிட்டு நல்லது கெட்டதைச் சொல்லச் சொன்னார்.

‘ஆறு குதிரையை ஒரே நேரத்துல நடத்தலாம் சார். கால் வீங்கின குதிரைக்கு டாக்டர் அரை மணின்னா சரியா அரை மணி, ஒரே வேகம். வழியில நின்னு ஊர்க்கதை பேசாது’ என்றாள்.

‘மிஷினுக்குக் காது இருக்கா? லாடம் கழண்டு ஆடுனா அதுக்குக் கேக்குமா?’ என்றேன்.

‘உனக்குக் கேட்டுச்சாப்பா? போன மாசம் மூணு லாடத்தோட ஒரு குதிரையைக் கூட்டிட்டு வந்தது யாரு?’

முதலாளி சிரித்துவிட்டார். ராட்டினம் வந்துவிட்டது. அதன் பிறகும் நான் வாயை மூடவில்லை. குதிரைக்குத் தலை சுற்றும், மனுசன் வாசனை மறந்துபோகும் என்று வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் சொன்னேன். இன்னொரு தடவை இப்படிப் பேசினால் வீட்டுக்கு அனுப்பிவிடுவேன் என்று முதலாளி என் மகள் முன்னிலையில் எச்சரித்தார்.

சம்பவத்தன்று காலை ஏழே முக்கால் மணிக்கு ராட்டினம் நின்றிருந்தது. ஐந்து குதிரைகளை நடத்தி முடித்துவிட்டு, வைக்கோல் வண்டி வந்ததால் மகள் வாசல் பக்கம் போயிருந்தாள். ஒரு பல் டாக்டருக்குச் சொந்தமான பழுப்புப் பெண் குதிரை மட்டும் பாக்கி. அதை நாங்கள் அம்மணி என்போம். ராட்டினத்தில் விட்டால் நகரவே மாட்டாள். பக்கத்தில் ஆள் வந்தால்தான் நடப்பாள். அதன் பிறகு நான் செய்தது: அம்மணியை உள்ளே விட்டேன், சுவிட்சைக் குறைந்த வேகத்தில் போட்டேன், கதவைத் திறந்து நானும் உள்ளே போய், வழக்கம்போல் அவள் இடது தோள் பக்கம் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். ஓடும்போது யாரும் உள்ளே போகக் கூடாது என்று மகள் சிவப்புப் பெயின்ட்டில் எழுதி வைத்திருக்கிறாள். அதைப் படித்தேன். மற்றவர்களுக்கு எழுதியது என்று நினைத்தேன்.

அம்மணி நன்றாகவே நடந்தாள். பத்து நிமிடம் கழித்து ராட்டினம் நின்றது. அதன் பிறகு எதிர்ப்பக்கமாகச் சுற்ற ஆரம்பித்தது. ஒரே பக்கம் சுற்றினால் காலுக்குக் கெடுதல் என்று மகள் அப்படி அமைத்து வைத்திருந்தாள். எனக்கு அது தெரியாது. அவள் விளக்கிய அன்று நான் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தேன். முன்னால் இருந்த தடுப்பு மூக்குக்கு நேரே வரவும் அம்மணி சட்டென்று திரும்பிவிட்டாள். நான் அவள் பின்னங்கால் பக்கம் மாட்டிக்கொண்டேன். எனக்குப் பின்னால் தடுப்பு வந்தது. திரும்பி அதை இரண்டு கையாலும் தள்ளி நிறுத்தப் பார்த்தேன். குதிரைக்கு முதுகைக் காட்டக் கூடாது என்று இருபத்திரண்டு வருடமாக மற்றவர்களுக்குச் சொன்னவன் நான். முதல் உதை எனக்கு. இரண்டாவது தடுப்பில் பட்டு அவள் காலே கிழிந்தது. ஏழு தையல்.

சத்தம் கேட்டு ஓடிவந்து, ராட்டினத்தை நிறுத்தும் சிவப்புப் பொத்தானை அழுத்தியவள் என் மகள். முதலாளியும் பல் டாக்டரும் வந்தபோது அவள் கை பொத்தான் மேல் இருந்தது. ‘யார் போட்டது?’ என்று முதலாளி கேட்டார். ‘நான்தான் சார்’ என்றாள். நான் குப்புறக் கிடந்தேன். வலி இருந்தது உண்மை. ஆனால் வாய் வேலை செய்தது. பேசவில்லை. மகள் சொன்னதை நம்பித்தான் பல் டாக்டர் அவள் மேல் புகார் கொடுத்திருக்கிறார். அவள் சொன்னது பொய், என் வேலையைக் காப்பாற்றுவதற்காகச் சொன்னது. சுவிட்சைப் போட்டது நான். எந்த நடவடிக்கையானாலும் என் மேல் எடுக்க வேண்டும்.

ராட்டினத்தில் குறை உண்டா என்று அதிகாரி கேட்டார். உண்டு. குதிரையின் காலில் வீக்கம் ஏறும்போது நம் கையில் தெரியும் சூடு அதற்குத் தெரியாது. பயந்த குதிரையைத் தடவிக் கொடுக்காது. பக்கத்தில் ஓர் ஆள் கண்ணெடுக்காமல் நிற்க வேண்டும். அன்று நின்ற ஆள் நான், அதுவும் உள்ளே.

எழுதியதை அதிகாரி வாசித்துக் காட்டினார். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. யாரும் மிரட்டிச் சொல்லவில்லை. கையெழுத்துக்கு முன் ஒன்று சேர்க்கச் சொன்னேன். இங்கே வரும் வழியில், ‘ராட்டினத்தைக் கழட்டிடச் சொல்லிடவாப்பா?’ என்று மகள் கேட்டாள். ‘உன் இஷ்டம்’ என்றேன். ராட்டினம் வந்து என் நடை குறைந்த முதல் வாரம்தான், பல வருடத்துக்குப் பிறகு, முழங்கால் வலி இல்லாமல், சுவரைப் பிடிக்காமல் எங்கள் வீட்டு மாடிப்படி ஏறினேன். அதை அவளிடம் சொல்லவில்லை.

(கையொப்பம்)