வருகைப் பதிவேட்டில் ஏழாம் எண்

தேயிலை விளையும் ஊரில் நல்ல டீ கிடைக்காது என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். உங்கள் ஸ்டேஷன் டீ அப்படியொன்றும் மோசமில்லை, சார். இன்னொரு தம்ளர் வந்தாலும் வேண்டாம் என்று சொல்லமாட்டேன். உங்கள் ரைட்டருக்குத் தமிழ் எழுத வரும் என்பதில் எனக்கு நிம்மதி. அவர் மெதுவாகவே எழுதட்டும். பதினான்கு வருஷமாகப் பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். எழுதுகிறவரை அவசரப்படுத்தி எனக்குப் பழக்கமில்லை.

பெயர் ஆறுச்சாமி. ஊர் பாலக்காட்டுக்குக் கிழக்கே, கோயமுத்தூர் எல்லையை ஒட்டி. அப்படிப்பட்டவனுக்குப் பீர்மேட்டில் என்ன வேலை என்று கேட்டீர்கள். அதற்கு எங்கள் வருகைப் பதிவேட்டிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

1958இலிருந்து அறுபது வரை திருவனந்தபுரத்தில் பல்கலைக்கழகத்தில் தமிழ் எம்.ஏ. படித்தவர்கள் நாங்கள் ஒன்பது பேர். அத்தனை பேரும் எல்லையோரத்துப் பிள்ளைகள். அறுபத்தொன்பதில் நஞ்சப்பன் வயலில் பாம்பு தீண்டி இறந்தான். எங்களில் முதல் சாவு அதுதான். பொங்கியண்ணன் என்ற எங்கள் வகுப்புத் தோழன் துறையின் பழைய வருகைப் பதிவேட்டைப் பியூனிடம் கேட்டு வாங்கி வைத்திருந்தான். அடுத்த சித்திரையில் எங்களைத் தன் தென்னந்தோப்புக்குக் கூப்பிட்டு, அதைத் திறந்து ஒன்றாம் எண்ணிலிருந்து வாசித்தான். அவரவர் எண்ணுக்கு அவரவர் "உள்ளேன் ஐயா" என்றோம். நான்காம் எண் நஞ்சப்பனுடையது. அதற்கு எல்லோரும் சேர்ந்து "உள்ளேன் ஐயா" என்றோம். நான் விக்கி விக்கி அழுதேன்.

அன்று முதல் சித்திரை இரண்டாம் ஞாயிறு எங்களுக்கு ஒரு சடங்கானது. இறந்தவரின் எண்ணுக்கு எல்லோரும் பதில் சொல்வோம். பிறகு நான் எழுந்து அவரைப் பற்றிப் பேசுவேன். உயிரோடு இருப்பவர்களைப் பற்றிப் பேசச் சொன்னால் எனக்கு நாக்குப் புரளாது, சார். பள்ளி ஆண்டுவிழாவில் என்னை நன்றியுரைக்குத்தான் போடுவார்கள். இறந்தவர்கள் என்றால் ஊற்று மாதிரி வரும். எழுபத்தொன்றில் மஞ்சள்காமாலையில் போன ஏசுரத்தினத்தைப் பற்றி நான் பேசியதைக் கேட்டு, அவனோடு பத்து வருஷம் பேச்சுவார்த்தை இல்லாத அவன் தம்பி மண்ணில் விழுந்து புரண்டான். அப்படிப் பேசுகிறவன் நான்.

எழுபத்துமூன்று ஆகஸ்டில் இந்த மலையில் மண் சரிந்து ஒரு ஜீப் புதைந்தது. உங்களுக்கு நினைவிருக்கும். இறந்தவர்கள் என்று பத்திரிகையில் போட்ட பெயர்களில் ஒன்று அழகுமலை, எஸ்டேட் பள்ளி ஆசிரியர். எங்கள் ஏழாம் எண். எல்லோருக்கும் கார்டு போட்டுத் தெரிவித்தவன் நான்தான். வகுப்பின் சார்பில் அவன் மனைவிக்கும் நானே எழுதுவதாகச் சொன்னேன். மழைக்காலத்தில் மலைக்குக் கடிதம் எங்கே போய்ச் சேரப்போகிறது என்று அதை மட்டும் தள்ளிப்போட்டேன்.

அவனைப் பற்றிய உரையை எட்டு மாதம் எழுதினேன். அழகுமலை நல்லவன்தான், ஆனால் சொல்வதற்கு ஒன்றுமில்லாத நல்லவன். அதனால் ஒரு சம்பவம் சேர்த்தேன். சங்குமுகம் கடற்கரையில் நஞ்சப்பனை அலை இழுத்துக்கொண்டு போனது. அழகுமலை நீந்திப் போய் முடியைப் பிடித்து இழுத்து வந்தான். யாரிடமும் சொல்லாதே என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டான். பொய் சொன்னாலும் பொருந்தச் சொல் என்பார்கள். அது பொருந்தியது. இருவருமே இறந்தவர்கள், யாருக்கும் நஷ்டமில்லை.

போன வருஷக் கூட்டத்துக்கு நஞ்சப்பன் மனைவி பூவாத்தாள் மகளோடு வந்திருந்தாள். பேசி முடித்ததும் என்னிடம் வந்தாள்.

"ஏனுங்ண்ணா, கடல்ல இழுத்துட்டுப் போனது எந்த வருசமுங்க?"

"அம்பத்தொம்பதும்மா."

"எங்குளுக்குக் கண்ணாலம் ஆனது அறுவத்திநாலுங்க. அப்ப அந்தண்ணன் இல்லீனா எனக்குத் தாலியுமில்ல, இந்தப் புள்ளயுமில்லீங்க."

அன்றிலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் அவள் வீட்டில் அழகுமலை பெயருக்கு ஒரு விளக்கு எரிகிறது. பொங்கியண்ணன் அந்த உரையை இருநூறு பிரதி அச்சடித்தான். அட்டையில் என் பெயர். ஊரில் என்னைப் பார்த்தால் சைக்கிளை விட்டு இறங்கினார்கள்.

இந்த வருஷம் பங்குனிக் கடைசியில் அழகுமலையிடமிருந்து கடிதம் வந்தது. அன்று ஜீப்பை டீக்கடையில் நிறுத்தியபோது அவன் யாருடனோ பேசிக்கொண்டு நின்றுவிட்டானாம். பை மட்டும் ஜீப்போடு போயிருக்கிறது. மறுநாளே பத்திரிகையில் திருத்தம் போட்டார்களாம். எங்கள் ஊருக்கு மழையில் மறுநாள் பத்திரிகை வரவில்லை. குமுளியில் ஒரு ஏலக்காய்க் கடையில் யாரோ கொடுத்து, என் புத்தகத்தை அவன் இப்போதுதான் படித்திருக்கிறான். ஒரே சிரிப்பாக எழுதியிருந்தான். சித்திரைக் கூட்டத்துக்கு வருகிறேன், பின்வரிசையில் உட்காருகிறேன், ஏழாம் எண் வாசிக்கும்போது யாரும் வாய் திறக்கக் கூடாது, நானே சொல்லிக்கொள்கிறேன் என்று முடித்திருந்தான்.

கூட்டத்துக்கு மூன்று நாள் முன்பு, வியாழக்கிழமை, பஸ் ஏறி இங்கே வந்தேன். கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. அவனிடம் ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்ள வந்தேன்.

அவன் மனைவி சுருளியம்மாள் கப்பக்கிழங்கும் மீன் குழம்பும் வைத்தாள். "இன்னும் கொஞ்சம் போட்டுக்கங்கண்ணே" என்று இரண்டு தடவை சொன்னாள். சாப்பிட்டுவிட்டு இருவரும் நடக்கப் புறப்பட்டோம். புறப்படும்போது என் பையிலிருந்த பிரதி ஒன்றை அவர்கள் மேஜையில் வைத்தேன். பின்னால் அவளுக்கு அது ஆறுதலாக இருக்கும் என்று தோன்றியது.

தேயிலை ஆலைக்குத் தண்ணீர் எடுக்கும் தடுப்பணைப் பக்கம் அவன்தான் கூட்டிப்போனான். மூன்று மணிக்கே மூடுபனி இறங்கத் தொடங்கியிருந்தது. வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தான்.

"செத்ததுக்கப்புறந்தான்டா என்னையப் பத்தி நாலு நல்ல வார்த்த கேட்டேன். அதென்ன, கடல்ல நீந்துனேனாம்ல? எனக்கு நீச்சலே தெரியாதேடா. கணுக்கால் நனைஞ்சதுக்கே எங்காத்தா பேரச் சொல்லி அலறுனவன்டா நான்."

நான் பூவாத்தாளைப் பற்றிச் சொன்னேன். தாலி, பிள்ளை, வெள்ளிக்கிழமை விளக்கு எல்லாம் சொன்னேன். அவன் சிரிப்பு நின்றுவிட்டது.

"அடப்பாவி. நான் இங்கன மீன்கொழம்பு தின்னுக்கிட்டிருக்கேன், அந்தப் பிள்ள எனக்கு வெளக்கு ஏத்துதா?"

"நீ தாராளமா வா, அழகுமல. ஆரு வேண்டாங்கறா? ஏழாம் நெம்பருக்கு நீயே பதில் சொல்லு. கடலுக் கதைய மட்டும் உட்டுரு."

"அதெப்படிடா விட? பொய்யா ஒரு பிள்ள கும்பிட்டுக்கிட்டு இருக்கதை எப்படிப் பாத்துக்கிட்டு இருப்பேன்? ஞாயித்துக்கெழம எல்லார் முன்னாலயும் அதுகிட்ட உண்மையச் சொல்லிருதேன். நீயும் பக்கத்துல நில்லு. சிரிப்பானுக, சிரிச்சிட்டுப் போறானுக."

அவனுக்கு அது அவ்வளவுதான். நாலு பேர் சிரிப்பார்கள், அவன் மலையேறி வந்துவிடுவான். எனக்கு, சார், அந்த ஊரில் அதற்குப் பிறகு என்ன மிச்சமிருக்கும்? நஞ்சப்பனைப் பற்றிச் சொன்னது நிஜமா, ஏசுரத்தினத்தைப் பற்றிச் சொன்னது நிஜமா என்று ஒவ்வொன்றாகக் கேட்பார்கள். அதைவிட அந்தப் பூவாத்தாள். அவள் விளக்கை அணைக்க இவன் யார் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. உண்மையில் ஆத்திரம் அவளுக்காகத்தான்.

அணையின் கல்வரம்பில் உட்கார்ந்து கால் கழுவக் குனிந்தான். அங்கே சித்திரையிலும் இரண்டாள் ஆழம் என்று வரும்போது அவனே சொல்லியிருந்தான். ஒரு கை போதுமானதாக இருந்தது. "ஆறுச்சாமி" என்று மூன்று தடவை கூப்பிட்டான். நான் பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, ஐந்து மணி பஸ்ஸைப் பிடித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டம் நல்லபடியாக நடந்தது. ஏழாம் எண்ணுக்கு எல்லோரும் "உள்ளேன் ஐயா" என்றார்கள். பூவாத்தாளும் சேர்ந்து சொன்னாள். என் குரல் மட்டும் சற்றுப் பிந்தி வந்தது என்று பொங்கியண்ணன் பிறகு சொன்னான். நீங்கள் செவ்வாய்க்கிழமை வந்தீர்கள்.

என் வீட்டில் நீங்கள் எடுத்த அந்தத் தபால் கார்டைப் பற்றியும் கேட்டீர்கள். அழகுமலை எழுதியதுதான். மகளுக்கு அம்மை போட்டிருக்கிறது, இந்த வருஷம் கூட்டத்துக்கு வரமுடியாது என்று எழுதியிருக்கிறான். முத்திரையில் இருப்பது எழுபத்துநான்கு ஏப்ரல். ஆமாம், போன வருஷம். நான் அந்த உரையைப் பேசுவதற்கு மூன்று நாள் முன்பு அது கைக்கு வந்தது. ஒரு பகல் முழுக்க அதை வைத்துக்கொண்டு யோசித்தேன். ஆனால் உரை முடிந்திருந்தது, சார். எட்டு மாத உழைப்பு. அவ்வளவு நல்ல ஒன்றை ஒரு கார்டுக்காக அடுப்பில் போட முடியுமா? நீங்களே சொல்லுங்கள்.

கையெழுத்துப் போடத் தயார். அதற்கு முன் ஒரே ஒரு இடம். நீச்சல் தெரியாதவனைத் தண்ணீரில் தள்ளியதாக உங்கள் ரைட்டர் எழுதியிருக்கிறார். அப்படிப்பட்ட பாவத்தை நான் செய்யமாட்டேன். அழகுமலைக்கு நன்றாக நீந்தத் தெரியும். அவன் கரையேறி வருவான் என்றுதான் அவ்வளவு நேரம் அங்கே நின்றேன். சந்தேகமிருந்தால் புத்தகத்தில் பார்த்துக்கொள்ளலாம், பதினோராம் பக்கம்.