நெட்டை மிஷினில் கட்டிய வாழைக்கன்று

திருச்சி ஜில்லா, புதுக்கோட்டை, ஆலங்குடி ரோட்டில் குடியிருக்கும் காலஞ்சென்ற கருப்பன் மனைவி பிச்சையம்மாள், வயது சுமார் நாற்பத்தைந்து, கூலி வேலை, சப்-இன்ஸ்பெக்டர் அய்யா முன்பாக 1964ஆம் வருடம் அக்டோபர் மாதம் சொல்லிப் பதிவான வாக்குமூலம்.

நான் மேற்படி விலாசத்தில் குடியிருந்துகொண்டு, அதே ரோட்டில் உள்ள கண்ணப்பச் செட்டியார் லேத்துப் பட்டறையில் கூட்டிப் பெருக்குவது, கடையும்போது விழுகிற பித்தளைச் சுருளை அள்ளுவது, செய்த சாமானைப் பொறுக்கித் துடைப்பது ஆகிய வேலைகள் செய்து வருகிறேன். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பட்டறையில் வேலை பார்க்கும் நாகராசுவையும் அய்யாக்கண்ணுவையும் எனக்கு நன்றாகத் தெரியும். இருவரிடமும் எனக்குப் பகை கிடையாது.

பட்டறையில் முன்பு படுத்த வாக்கில் உள்ள லேத்துகள் மட்டுமே இருந்தன. அவற்றில் ஆள் நின்று கைப்பிடியைச் சுற்றினால்தான் வேலை நடக்கும். நாகராசு நெடுங்காலம் அந்த லேத்தில் வேலை பார்த்தவர். சென்ற தைக்குப் பிறகு முதலாளி சீமையிலிருந்து ஒரு பழைய மிஷினை வாங்கி வந்து இறக்கினார். அது பீரோவைப் போல நின்ற வாக்கில் இருக்கும். நாங்கள் நெட்டை மிஷின் என்போம். மேலே பித்தளைத் துண்டுகளைப் போட்டுவிட்டால் அதுவே ஒன்றை எடுத்து வாயில் கவ்விச் சுற்றும், மேலிருந்து உளி இறங்கிக் கடையும், அதன் பிறகு ஆயில் எஞ்சினுக்குப் போகிற புஷ் என்கிற பித்தளை வளையம் ஒன்று தட்டில் விழும், அதன் பிறகு அடுத்த துண்டை அதுவே எடுக்கும். கோயமுத்தூரில் பழகி வந்த அய்யாக்கண்ணு அதன் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். தட்டில் விழுவதைப் பொறுக்கி மாளாமல் நான் மூச்சு வாங்குவேன்.

அது வந்ததிலிருந்து நாகராசுவின் லேத்து சும்மா கிடந்தது. அவரைத் துண்டு எடுத்துக் கொடுக்கவும் எண்ணெய் விடவும் சொல்லிவிட்டார்கள். அவருக்கு வருத்தம் இருந்தது உண்மை. எனக்கும் அந்த மிஷின் பிடிக்காது. சம்பவத்தன்று மிஷினை யார் ஓட்டியது என்று அய்யா கேட்கிறீர்கள். அந்த மிஷினை எப்போதுமே யார் ஓட்டுகிறார் என்பது எனக்கு விளங்கியதில்லை.

ஆயுத பூஜை அன்று மத்தியானம் வரை மிஷின் ஓடியது. ஓடிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போய்விட்டது. அய்யாக்கண்ணு மிஷினின் கைப்பிடியை மேலே தூக்கிவிட்டார். அந்தக் கைப்பிடி மேலே இருந்தால் மிஷின் நிற்கும், கீழே இறக்கினால் ஓடும், அவ்வளவு எனக்குத் தெரியும். சுவரில் உள்ள சுவிட்சை யாரும் அணைக்கவில்லை. கரண்ட் இல்லாதபோது அணைத்தால் என்ன, அணைக்காவிட்டால் என்ன என்று எல்லோரும் இருந்துவிட்டோம்.

அதன் பிறகு எல்லா மிஷினையும் துடைத்து விபூதி, சந்தனம், குங்குமம் வைத்தோம். வாழைக்கன்று கட்டுவது என் வேலை. மற்ற லேத்துகளில் காலில் கட்டிவிட்டேன். நெட்டை மிஷினுக்குக் கால் இல்லை. சுற்றிலும் தகடு. கயிறு மாட்ட அந்தக் கைப்பிடி ஒன்றுதான் நீட்டிக்கொண்டிருந்தது. அதனால் வாழைக்கன்றின் அடியைத் தரையில் ஊன்றி நிறுத்தி, நடுத்தண்டை ஈர வாழைநாரால் கைப்பிடியோடு சேர்த்து இரண்டு முடிச்சுப் போட்டுக் கட்டினேன். மேனேஜர் சொக்கலிங்கம் பார்த்துவிட்டு, “இந்த மிஷினுக்குத்தான்மா களையா இருக்கு” என்றார்.

அதன் பிறகு அய்யாக்கண்ணு மிஷினின் மூடியைத் திறந்து, துண்டைக் கவ்வுகிற வாய்க்குள் கையை விட்டு ஒரு எலுமிச்சம்பழம் வைத்தார். அப்போது நாகராசு அவரைப் பார்த்து, “அதுக்குக் கண்ணு கெடையாதுடா. உள்ள கையை விட்டுப் பழகாத, ஒருநா தின்னுப்புடும்” என்றார். இதை எல்லோரும் கேட்டோம். மேனேஜர் இதை மிரட்டல் என்று எழுதிக் கொடுத்திருப்பதாக அய்யா சொன்னீர்கள். மிரட்டலா புத்திமதியா என்று எனக்குத் தெரியாது. நாகராசு சாப்பிட்டாயா என்று கேட்டாலும் சண்டைக்கு வருவது போலத்தான் இருக்கும்.

மறுநாள் காலையில் மறுபூஜை செய்து, மிஷினைச் சிறிது நேரம் ஓட்டி எடுப்பது வழக்கம். அப்போதும் கரண்ட் வரவில்லை. நான் போனதும் தரையைத் தண்ணீர் விட்டுக் கழுவினேன். நெட்டை மிஷினைச் சுற்றி எப்போதும் எண்ணெய் கசிந்திருக்கும். தண்ணீர் பட்டதும் வழுக்கும். வாழைக்கன்றின் அடி வழுக்கி முன்னால் வந்துவிட்டது. கன்று தரையில் நிற்காமல் கைப்பிடியைப் பிடித்துத் தொங்கியது. கைப்பிடியும் அதோடு கீழே வந்திருந்தது. நான் இதைப் பார்த்தேன். கன்று சாய்ந்து அழகு கெட்டுவிட்டதே, பிறகு நிமிர்த்திக் கட்டலாம் என்று நினைத்தேன். வேறொன்றும் நினைக்கவில்லை. எனக்கு நினைக்கத் தெரியவில்லை.

அதன் பிறகு மேனேஜர் சூடம் காட்டினார். நாகராசு தேங்காய் உடைத்துத் தாம்பாளத்தில் வைத்து எல்லோருக்கும் கொடுத்து வந்தார். மிஷினை ஓட்டுவதற்கு முன் பழத்தை எடுக்க வேண்டும் என்று அய்யாக்கண்ணு வாய்க்குள் கையை விட்டார். நான் வாசல் பக்கம் வாளியோடு நின்றேன். அந்த நேரம் கரண்ட் வந்தது. மிஷின் சத்தமும் அலறலும் சேர்ந்து கேட்டன. நான் திரும்பிப் பார்த்தபோது நாகராசுவின் கை கைப்பிடியின் மேல் இருந்தது. சந்தனம் பூசியிருந்த இடமெல்லாம் ரத்தம்.

அன்று கூடிய ஜனங்களிடம், “நாகராசு கை அந்தப் பிடியில இருந்துச்சுங்க” என்று நான் சொன்னது நிஜம். நான் பார்த்ததைத்தான் சொன்னேன். அதைக் கேட்டுத்தான் நாகராசுவைப் பிடித்து வந்தீர்கள் என்று பிறகு தெரிந்தது. அய்யாக்கண்ணுவுக்கு வலது கையில் மூன்று விரல்களை எடுத்துவிட்டார்கள். நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தேன். மிஷின் எப்படி ஓடியது என்று அவருக்கும் தெரியவில்லை. என்னிடம், “நாகராசண்ணன் அப்பிடிச் செய்வாராக்கா?” என்று கேட்டார். நான் கிளம்பி வந்துவிட்டேன். நாகராசுவின் மனைவி செவந்தி என் வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்தாள். அவள் திட்டியிருந்தால் எனக்குத் தேவலை.

எது முதலில், எது பிறகு என்று எனக்கு ஒரே குழப்பமாக இருந்தது. இப்போது அய்யா ஒன்றன் பின் ஒன்றாகச் சொல்லச் சொன்னதால் நினைத்துப் பார்த்துச் சொல்கிறேன். நான் திரும்புவதற்கு முன்பே ஒரு தேங்காய்ச் சில் உருண்டு வந்து என் காலில் பட்டது. தாம்பாளம் விழுந்த சத்தத்தையும் கேட்டேன். அலறல் அதற்கும் முந்தியது. தாம்பாளம் கையில் இருந்தவர் அலறல் கேட்டு அதைப் போட்டுவிட்டு ஓடியிருக்கிறார். அப்படியானால் நான் பார்த்த கை, கைப்பிடியை மேலே தூக்கிய கை. அவர் தூக்கியதும் மிஷின் நின்றது. அவர் தூக்கியிராவிட்டால் மூன்று விரலோடு போயிருக்காது.

அய்யா வந்து பார்த்தபோது வாழைக்கன்று ஏன் இல்லை என்று கேட்கிறீர்கள். நீங்கள் வருவதற்கு முன்பே மேனேஜர் அதை அரிவாளால் அறுத்துப் பட்டறைக்குப் பின்னால் போடச் சொன்னார். என்னைத் தனியே கூப்பிட்டு, “வாழக்கன்னப் பத்தி எதுவும் பேச வேணாம். சாமி காரியத்துல குத்தம்னு பேரு வந்தா மொதலாளி பட்டறையவே மூடிருவாரு” என்றார். ஒரு வாழைக்கன்றைப் பற்றி ஏன் பேசக்கூடாது என்று அப்போது எனக்குப் புரியவில்லை. இதைச் சொன்னதால் எனக்கு அங்கே இனி வேலை இருக்காது.

கன்றை அறுத்தார்களே தவிர முடிச்சை யாரும் அவிழ்க்கவில்லை. ஈரநார் காய்ந்தால் இறுகிப்போகும், லேசில் வராது. அய்யா போய்ப் பார்த்தால் கைப்பிடியில் இருக்கும். கட்டியது நான்.

கைப்பிடியை இறக்கியது யார் என்று கேட்டால், கட்டியது நான், கழுவியதும் நான், இழுத்தது வாழைக்கன்று, ஓட்டியது கரண்ட். இதில் யார் பேரை எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. என் பேரை எழுத வேண்டுமானால் எழுதிக்கொள்ளுங்கள். நாகராசு பேரை எழுத வேண்டாம்.

மேலே கண்ட யாவும் என் சுயபுத்தியோடு, யார் தூண்டுதலும் இல்லாமல் நான் சொன்னவை. ஏட்டய்யா எழுதி எனக்குப் படித்துக் காட்டினார். ஓரிடத்தில் நாகராசு மிஷினை ஓட்டியதாக இருந்தது. நான் அப்படிச் சொல்லவில்லை என்றேன். அதை அடித்துவிட்டு, நிறுத்தியதாக எழுதிப் படித்துக் காட்டினார். அடித்து எழுதிய இடத்தில் ஒன்றும் இங்கே ஒன்றுமாக ரேகை வைத்திருக்கிறேன்.

பிச்சையம்மாள், இடது கைப் பெருவிரல் ரேகை.